கண்ணாடியில் பார்த்த கால்

அந்தச் சலூனில் டி.வி. மாட்டியிருந்த இடமே கோளாறு. முடிவெட்டும் நாற்காலிக்கு நேர் பின்னால், சுவரின் உச்சியில் இருந்தது. அதற்குக் கீழேதான் காத்திருப்பவர்களுக்கான பெஞ்சு. ஆக, நாற்காலியில் இருப்பவரும் சரி, பெஞ்சில் இருப்பவர்களும் சரி, எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில்தான் மேட்ச் பார்த்தாக வேண்டும். வலது பக்கம் ஓடுகிறவன் இடது பக்கம் ஓடுவான். சட்டை எண்களெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிறவருக்குத் தலை சுற்றும், பழகியவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கோல் விழுந்தால் சரி, எந்தப் பக்கம் விழுந்தால் என்ன?

"டி.வி.யை இந்தப் பக்கம் மாத்தி மாட்டக் கூடாதாண்ணே?" என்று யாராவது கேட்டால், சலூன்காரர் கத்தரியைக் காற்றில் இரண்டு முறை வெட்டிக் காட்டுவார். "மாட்டலாம். ஒவ்வொரு கோலுக்கும் நீ தலையைத் திருப்புவே, நான் உன் காதை வெட்டுவேன். பரவாயில்லையா?"

கண்ணாடிக்கு மேலே ஒரு போட்டோ. சுத்தியல் என்று பேர் வாங்கிய பழைய கால்பந்து ஆட்டக்காரர், கையில் கோப்பையோடு, ஓரத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார். அவர் அடித்த பந்தைத் தடுத்த கோல்கீப்பர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், அதனால் அந்தப் பெயர். விளையாடிய காலத்தில் ஊருக்கே அவர் அண்ணன். ஓய்வு பெற்று, கோட்டு மாட்டிக்கொண்டு, டி.வி.யில் கமெண்ட்ரி சொல்ல வாயைத் திறந்தாரோ இல்லையோ, 'அவன்' ஆகிவிட்டார். பின்னே என்ன? ஆடி வளர்ந்த கிளப்பையே, "நடு ஆட்டக்காரர்கள் நடைப்பயிற்சிக்கு வந்திருக்கிறார்களா?" என்று கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

வேடிக்கை என்னவென்றால், அவரைத் திட்டாத ஆளும் கிடையாது, அவர் பேசும்போது சத்தத்தைக் கூட்டச் சொல்லாத ஆளும் கிடையாது. எதிரணியை அவர் கிழிக்கும்போது மட்டும் ஒரு நிமிஷத்துக்கு மறுபடியும் அண்ணன் ஆவார். "என்ன இருந்தாலும் நம்ம அண்ணன்டா" என்பார்கள். அடுத்த வாக்கியத்தில் நம் ஆட்களைப் பற்றி ஏதாவது வந்துவிடும். உடனே அண்ணன் போய் அவன் வந்துவிடுவான். சலூன்காரர் இரண்டுக்கும் ஒத்து ஊதுவார். கடை வைத்திருக்கிறவர் வாடிக்கையாளரோடு சண்டைக்கா நிற்க முடியும் என்பது அவர் கட்சி.

ஆனால் சுத்தியலைப் பற்றி இவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று சலூன்காரருக்குத் தெரியும். பல வருஷங்களுக்கு முன் ஒரு இறுதிப் போட்டியில் சுத்தியல் சேம் சைடு கோல் போட்டார். கோப்பை போயிற்று. மறுநாள் காலையில் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு இந்தக் கடைக்குத்தான் வந்தார். "ஒட்ட வெட்டிடுங்கண்ணே, யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது" என்றார். சலூன்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். மேலே துணியைப் போர்த்தியதும் அதற்குள்ளே தோள் குலுங்கியது. "முழங்காலுக்கு ஊசி போட்டு இறக்கிவிட்டாங்கண்ணே. கால் மரத்துக் கிடந்துச்சு. பந்து எங்க பட்டுச்சுன்னே எனக்குத் தெரியல. நல்லா இருக்குன்னு நான்தான் சொன்னேன். கூட்டம் பேரைச் சொல்லிக் கத்துது, உட்கார மனசு வரல." பேரைச் சொல்லிக் கத்திய கூட்டத்தில் தானும் இருந்ததைச் சலூன்காரர் சொல்லவில்லை.

கிளப்பின் இப்போதைய கேப்டனும் இங்கேதான் முடி வெட்டிக்கொள்வான். நல்ல பையன். ஊரே அவன் மேல்தான் உயிரை வைத்திருந்தது. ஒருநாள் வெட்டி முடித்து நாற்காலியிலிருந்து இறங்கியவன், இடது காலை ஊன்றியதும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்துவிட்டது.

"என்னப்பா?"

"கணுக்கால்ணே. ஊசி போட்டுத்தான் ஆடறேன். சீசன் முடியற வரைக்கும் இழுத்துடுவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் சலூன்காரர். ஊசி என்ற வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை. அடுத்த முறை சுத்தியல் வந்தபோது கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "தம்பி, உனக்கு நடந்தது அவனுக்கு நடக்க வேணாம். நீ சொன்னா கிளப்பு கேக்கும். என் பேரு மட்டும் வெளிய வர வேணாம். என்னை நம்பிச் சொன்னான்."

சுத்தியல் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். "உங்க பேரு வராதுண்ணே. நானே கண்ணால பார்த்த மாதிரி சொல்லிக்கறேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அடுத்த மேட்ச்சில், கேப்டன் பந்தை விரட்டிக்கொண்டு ஓடும்போது நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொன்னார். "இடது காலைப் பாருங்க. முழுசா ஊனவே இல்ல. இவரை இன்னும் ஆட வைக்கிறது தப்பு. உடனே வெளிய கூப்பிடுங்க. இல்லன்னா இந்தப் பையனோட ஆட்டமே முடிஞ்சு போகும்."

கடையில் அப்போது பெஞ்சு நிறைய ஆள். நாற்காலியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், முகமெல்லாம் நுரை. எல்லார் கண்ணும் கண்ணாடியில்.

"யோவ், இடது கால் கல்லு மாதிரி இருக்கு! லேசா தூக்குறது வலது காலுய்யா!" நுரை தெறிக்கக் கத்தினார் வேன் டிரைவர். "ஷூ கடிச்சிருக்கும். இவனுக்கு இடது எது வலது எதுன்னே தெரியல, கமெண்ட்ரி சொல்ல வந்துட்டான்!"

பெஞ்சு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. பின்னால் திரும்பி நேராகப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கோபத்தில் இருக்கிறவனுக்குக் கண்ணாடி எது, டி.வி. எது? நாள் முழுக்கக் கண்ணாடியோடு வாழ்கிறவர் சலூன்காரர் ஒருவர்தான். அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. 'ஏம்ப்பா, கண்ணாடியில பார்க்கறோம்ல' என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரை வந்தது. இவ்வளவு அடித்துச் சொல்கிறீர்களே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுவிட்டால்? கேப்டன் காதுக்குப் போய்விட்டால்? பெஞ்சில் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவர் என்ன சொல்லப் போகிறார் என்று.

"அதான் அன்னைக்கு சேம் சைடு கோல் போட்டாரு போல" என்றார் சலூன்காரர்.

கடையே அதிர்ந்தது. வேன் டிரைவர் நுரையும் கையுமாகப் போனை எடுத்து, அந்தக் கேலியை அப்படியே பேசிப் பதிவு செய்து ரசிகர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் நேராகப் பார்த்தவர்களுக்குக் கேப்டன் நொண்டியதே கண்ணில் படவில்லை. அதனால் அவர்களுக்கும் அது இனித்தது. சுத்தியலை எதற்காவது பிடித்து அடிக்க வேண்டும் என்று காத்திருந்த ஊருக்கு அவல் கிடைத்தாயிற்று, மென்று தீர்த்தார்கள்.

அடுத்த மேட்ச் உள்ளூரில். சலூன்காரரும் வேன் டிரைவரும் மைதானத்துக்கே போயிருந்தார்கள். கமெண்ட்ரி அறை தெரியும் பக்கமாகத் திரும்பிக்கொண்டு ஒரு பாதிக் கூட்டம் "இடதா?" என்று கத்தும், மறு பாதி "வலதா?" என்று கத்தும். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து, "சேம் சைடு!" தன் கடையில் பிறந்த சிரிப்பு இத்தனை பெரிதாக வளர்ந்து நிற்பதைச் சலூன்காரர் பார்த்தார். பக்கத்தில் வேன் டிரைவர் தோளில் கை போட்டுக் குலுக்கினார். சலூன்காரரும் கத்தினார். முதலில் உதட்டளவில், அப்புறம் நிஜமாகவே.

கேப்டனுக்கும் அது கேட்டது. கூட்டம் தனக்காகத்தான் கத்துகிறது என்று நினைத்தானோ என்னவோ, எல்லையோரம் ஓடி வந்து, சிரித்துக்கொண்டே இடது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினான். மைதானம் எழுந்து நின்றது. இன்னொரு முறை மிதித்தான். ஆட்டம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில், பந்தைத் திருப்ப இடது காலை ஊன்றியவன் அப்படியே சரிந்தான். அவன் போட்ட சத்தம் மேல் வரிசை வரை கேட்டது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள்.

திரும்பும் வழியெல்லாம் வேன் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கரிநாக்குண்ணே அவனுக்கு. வாயை வச்சான், பையன் கால் போச்சு."

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த சலூன்காரரிடம் மனைவி விஷயத்தைக் கறந்துவிட்டாள். அவள் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவள், பேச்சும் அப்படித்தான். "தம்பிகிட்ட ரகசியத்தைச் சொன்னது தப்பில்லங்க. அது அந்தப் பையன் நல்லதுக்கு. சிரிச்சீங்க பாருங்க, அது யார் நல்லதுக்கு?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

ரசிகர்கள் கேட்டுக்கொண்டபடி போட்டோவைக் கழற்றியாயிற்று. துண்டுகள் வைக்கும் அலமாரியின் அடியில் குப்புறக் கிடந்தது. ஒரு பகல் நேரம், கடையில் யாரும் இல்லாதபோது சுத்தியல் வந்தார். கண்ணாடிக்கு மேலே வெளுத்துப்போய் நின்ற சதுரத்தைப் பார்த்தார்.

"துடைக்கலாம்னு கழட்டினேன் தம்பி."

"ஆணியையும் துடைக்கக் கழட்டினீங்களா?" என்று சிரித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார் சுத்தியல். "சாயங்காலம் மேட்ச் இருக்கு. சீக்கிரம் வெட்டிவிடுங்க."

சலூன்காரர் துணியைப் போர்த்தினார். கத்தரி ஓடியது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேப்டனைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சுத்தியல் சொன்னார். இரண்டாவது தடவை அறுவை செய்ய வேண்டுமாம். "என்னைப் பார்க்க மாட்டேன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டான்ணே. வெளிய கூப்பிடுங்கன்னு நான் சொன்னதாலதான், நல்லா இருக்கேன்னு காட்டறதுக்காக இன்னும் வேகமா ஆடினானாம். ஒருவேளை நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணுமோ?"

சலூன்காரரால் அதைத் தாங்க முடியவில்லை. வலது பக்கக் கிருதாவை முடித்திருந்தார். இடது பக்கத்துக்கு வந்தவர் கத்தரியை இறக்கினார். கண்ணாடியில் பார்த்ததை, தெரிந்தும் பேசாமல் இருந்ததை, மைதானத்தில் கத்தியதை எல்லாம் சொன்னார்.

"ஜனங்க சிரிக்கிறது பழக்கம்தான்ணே. விடுங்க" என்றார் சுத்தியல்.

"அந்த சேம் சைடு பேச்சு… அதை எடுத்துக் கொடுத்ததே நான்தான் தம்பி."

சுத்தியல், அன்று தனக்காகப் பாதி இறக்கிய ஷட்டரைப் பார்த்தார். பிறகு துணியைத் தானே அவிழ்த்து, ஒழுங்காக மடித்து, கைப்பிடியில் வைத்தார்.

"தம்பி, இந்தப் பக்கம் இன்னும் பாக்கி…"

"இருக்கட்டும்ணே" என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

சாயங்காலம் கடை நிறைந்துவிட்டது. நாற்காலியில் வழக்கம்போல வேன் டிரைவர். பாதி முகம் மழித்தாயிற்று, பாதி நுரை. மேட்ச் தொடங்கும் முன்னால் டி.வி.யில் சுத்தியல் வந்தார். கோட்டு, டை எல்லாம் கச்சிதம். ஒரு பக்கக் கிருதா மட்டும் கலைந்து, காதோரம் இறங்கி நின்றது. அங்கே ஒப்பனை அறை என்று ஒன்று இருக்கும், கத்தரியும் இருக்கும். இரண்டு வெட்டு வெட்டினால் சரியாகியிருக்கும். ஏனோ அவர் அதை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஏய், வலது பக்கம் பாருங்கடா!" பெஞ்சிலிருந்து ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது. வேன் டிரைவர் கண்ணாடிக்குள் விரல் நீட்டினார். "எந்த மடையன்ணே இவனுக்கு முடி வெட்டினது?"

எல்லாரும் சலூன்காரர் முகத்தைப் பார்த்தார்கள், இவர் என்ன சொல்லப் போகிறார் என்று.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து, வேன் டிரைவரோடு சேர்த்து, டி.வி.யைப் பார்க்கத் திருப்பினார்.

"அது இடது பக்கம்" என்றார். "வெட்டினது நான்தான்."

சிரிப்பு அப்படியே நின்றது. பெஞ்சில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து, திரும்பி, அண்ணாந்து பார்த்தார்கள். இத்தனை காலம் அந்தக் கடையில் யாரும் டி.வி.யை நேராகப் பார்த்ததில்லை. சலூன்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை. கேப்டன் நாற்காலியிலிருந்து இறங்கியதில் தொடங்கினார். கேப்டன் தன்னை நம்பிச் சொன்னதையும், தான் அதைச் சுத்தியலிடம் சொன்னதையும், தன் பேரை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லாததையும் சொன்னார். அது எந்தக் கால் என்பதையும் சொன்னார். நாளைக்குக் கேப்டன் காதுக்கு இது போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னார்.

வேன் டிரைவர் கன்னத்தில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.

"எங்களுக்குத்தான் தெரியலண்ணே" என்றார் கடைசியில், குரல் இறங்கி. "நீங்க ஏன்ணே சிரிச்சீங்க?"

சலூன்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். டி.வி.யில் சுத்தியல் கேப்டனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார், நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று. இந்தத் தடவை சத்தத்தைக் கூட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது.