டாலிவர் சாலை, நாலாயிரத்து நானூறு

தீயணைப்புத் துறையின் ரேடியோப் பேச்சைக் கேட்கும் ஸ்கேனரில் இரண்டு நீண்ட ஊதல்கள் எழுந்தபோது மேவிஸ் கெர்னட் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். மணி இரண்டே கால். வெளியே நூற்றைந்து டிகிரி வெயில். காலையிலிருந்தே வடக்குக் காற்று ஜன்னல் வலையை உதறிக்கொண்டிருந்தது.

ஊதலை அடுத்து இயந்திரக் குரல் வந்தது. பெண் குரல்தான், ஆனால் ஏற்ற இறக்கம் கிடையாது. கொட்டகை எரிந்தாலும் குப்பைத் தொட்டி எரிந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

“புதர்த் தீ. நாலாயிரத்து நானூறு, டாலிவர் சாலை. எஞ்சின் ஐம்பத்திரண்டு, எஞ்சின் ஐம்பத்தேழு, தண்ணீர் லாரி ஐம்பத்தொன்று.”

டாலிவர் சாலையில்தான் அவளுடைய அக்கா ரோவீனா பதினோரு ஆடுகளோடு தனியாக இருந்தாள். ஒற்றைச் சாலை. தெற்கே நெடுஞ்சாலையில் கிளம்பி, பள்ளத்தாக்கின் விளிம்போடு ஏறி, ரோவீனாவின் வீட்டைக் கடந்து, வடக்கே மேட்டைத் தாண்டி வனத்துறை கேட் வழியாக வெளியேறும். அங்கே செல்போன் எடுக்காது. வீட்டில் பழைய கம்பி போன் ஒன்று உண்டு.

மேவிஸ் கையைத் துடைக்காமலே எண்களை அழுத்தினாள்.

“ரோவீனா, உடனே கிளம்பு. உனக்குக் கீழ தீ.”

“புகை வாசம் வருதுன்னு பார்த்தேன். எந்தப் பக்கம்னு தெரியலடி. மூணு நாளா வானம் சாம்பலக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு.”

“நாலாயிரத்து நானூறு. மூணு மைல்தான். தெக்கால இறங்காத. மேட்டத் தாண்டிப் போயிடு.”

“ஆட்ட ஏத்தணுமே.”

“ஆட்ட விட்டுத் தொலை!”

“நீ உன் ரேடியோவ விட்டுட்டு ஓடுவியா? ட்ரெய்லர் மாட்டித்தான் இருக்கு. ஏத்திட்டுப் போயிடுறேன்.” போன் வைக்கப்பட்டது.

மேவிஸின் இணையப் பக்கத்தை ஆறாயிரம் பேர் படித்தார்கள். தீப்பருவத்தில் பாதி மாவட்டம் அதைப் பார்த்துத்தான் பெட்டி கட்டும். இப்போதும் கேள்விகள் குவிந்தன. ‘மேவிஸ், எங்கே?’ ‘நாங்க கிளம்பணுமா?’ ‘குதிரைய ஏத்தட்டுமா?’ அவள் வழக்கம்போல ஒரு வரிதான் போட்டாள்: டாலிவர் சாலையில் அழைப்பு, எஞ்சின் போய்ப் பார்க்கட்டும்.

ஸ்கேனர் கேட்பவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலில் வரும் விலாசத்தை யாரிடமும் சொல்லக்கூடாது. முதல் எஞ்சின் போய்ச் சேர்ந்து, தன் கண்ணால் பார்த்ததைச் சொன்ன பிறகுதான் எழுத வேண்டும். அவசரப்பட்டு எழுதிய இரண்டு பேரை மேவிஸ் தன் பக்கத்திலிருந்தே நீக்கியிருக்கிறாள். ஆறாயிரம் பேருக்காக இன்றைக்கும் அவள் காத்திருந்தாள். அக்காவுக்காகக் காத்திருக்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து மறுபடி ஊதல். “புதர்த் தீ. நாலாயிரத்து நானூறு, டாலிவர் சாலை. கூடுதல் அழைப்புகள், மூன்று.”

மூன்று பேர் ஒரே கதவு எண்ணிலிருந்து.

அக்காவை நினைத்த பதற்றத்தில் மறந்துபோனது இப்போதுதான் மேவிஸுக்கு உறைத்தது. அந்த எண்ணில் வீடே கிடையாது. வண்டிகள் ஒதுங்கி நிற்கும் ஒரு வளைவு, அவ்வளவுதான். அந்தச் சாலை முழுவதிலும் செல்போன் எடுக்கிற ஒரே இடம் அது. புகையைப் பார்த்தவர்கள் வளைவு வரை ஓட்டி வந்து, நிறுத்தி, அங்கிருந்து கூப்பிடுவார்கள். போன் இருக்கும் இடத்தையே தீ இருக்கும் இடமாகக் கணினி எடுத்துக்கொள்ளும். ஆட்கள் அறிவித்த காலத்தில், ‘கூப்பிட்டவர் வளைவில் நின்று எதிர் மேட்டைப் பார்க்கிறார்’ என்று ஒரு வாக்கியம் சேர்ந்து வரும். இரண்டு வருடத்துக்கு முன் வந்த இயந்திரம் விலாசத்தை மட்டும் வாசித்தது. ‘நாலாயிரத்து நானூறு மறுபடியும் பத்திக்கிச்சு’ என்பது அவள் பக்கத்தில் நிரந்தர நகைச்சுவை. ஒன்பது தடவை எரிந்துவிட்ட அந்த வளைவில் ஒரு புல் கூடக் கருகியதில்லை.

வளைவிலிருந்து பார்த்தால் தெரிவது வடக்கு மேடு.

ரோவீனாவின் போன் பன்னிரண்டு முறை அடித்தது. எடுக்க ஆளில்லை. மேவிஸ் அவசர எண்ணைக் கூப்பிட்டாள்.

“அவசர உதவி. என்ன விஷயம்?”

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். கோரல். இயந்திரம் வருவதற்கு முன் ஆறு வருடம் தினமும் இந்தச் சமையலறையில் கேட்ட குரல். பேசியது ஒரு முறை கூட இல்லை.

“டாலிவர் தீ அந்த விலாசத்துல இல்ல. அது வெறும் வளைவு. கூப்பிட்டவங்கதான் அங்க நிக்கிறாங்க. தீ எதிர் மேட்டுல இருக்கணும்.”

“மேடம், நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

“வீட்டுல. இருபது மைல் தள்ளி.”

“அப்புறம் எப்படிப் பார்த்தீங்க?”

“பார்க்கல. ஸ்கேனர்ல கேட்டேன்.”

மறுமுனையில் பெருமூச்சு. “ஓ. அந்தப் பக்கத்த நடத்துற மேவிஸா?”

“எவ்வளவு வேணா அப்புறம் திட்டிக்கோங்க. எங்க அக்காவ நான்தான் மேட்டுக்கு அனுப்பினேன். வெள்ளை பிக்கப். பின்னால ஆட்டு ட்ரெய்லர்.”

கோரலின் குரல் மாறியது. “லைன்லயே இருங்க.”

ஒரு நிமிடம் விசைகள் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. வேறு யாரிடமோ இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு அவளுடைய பேச்சு போனில் முதலிலும் ஸ்கேனரில் அரை நொடி பிந்தியும் வந்தது.

“எஞ்சின் ஐம்பத்திரண்டு, வளைவுல நிக்கிறவர்கிட்ட பேசிட்டேன். தீ வடக்கு மேட்டுல, கேட்டுக்கு இந்தப் பக்கம். வெள்ளை பிக்கப் ஒண்ணு ட்ரெய்லரோட அதை நோக்கிப் போகுது. திருப்பி அனுப்புங்க.”

“ஐம்பத்திரண்டு, புரிஞ்சுது. வளைவத் தாண்டிட்டோம், மேல போறோம்.”

இனி மேவிஸ் செய்வதற்கு எதுவுமில்லை. ஆடு ஏற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டாள். கறுப்பு ஆடு வம்பு பண்ணும். இன்றைக்கு அது ரொம்பவே வம்பு பண்ணியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

“அந்த வளைவு விஷயம் உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?” என்றாள் கோரல்.

“ரெண்டு வருஷமா.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?”

நீங்கள் எங்களை மதிப்பதில்லை, ஸ்கேனர்காரர்கள் கூப்பிட்டால் எரிச்சல்படுவீர்கள் என்றெல்லாம் மேவிஸிடம் பதில்கள் இருந்தன. ஆனால் இரண்டு வருடமாக அதை வைத்துச் சிரித்ததுதான் ஞாபகம் வந்தது.

ஸ்கேனர் கரகரத்தது. “ஐம்பத்திரண்டு. வீட்டத் தாண்டிட்டோம், உள்ள யாரும் இல்ல. முன்னால தீ தெரியுது. சாலைக்கு ரெண்டு பக்கமும்.”

அதன் பிறகு எதுவும் வரவில்லை. மேவிஸ் ஒலியை முழுக்கக் கூட்டி வைத்தாள். வெறும் இரைச்சல். கோரல் மூச்சு விடுவது போனில் கேட்டது. நாலு நிமிடம்.

“ஐம்பத்திரண்டு. பிக்கப் கிடைச்சிருச்சு. திருப்பப் பார்த்து ட்ரெய்லர் குறுக்க மாட்டிக்கிச்சு. ஓட்டுனவங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எங்க வண்டியில ஏற மாட்டேங்கிறாங்க. ஆட்டையெல்லாம் இறக்கி விட்டாத்தான் வருவாங்களாம்.”

“அதுக்கு நேரம் இருக்கா?”

“இல்ல. ஆனா இவங்ககூட வாதாடுறத விட ஆட்ட இறக்குறது சீக்கிரம் முடியும்.”

அவர் பேச்சுக்குப் பின்னால் யாரோ கத்துவது ஒரு கணம் கேட்டது. வார்த்தை புரியவில்லை. யாரென்று புரிந்தது. மேவிஸ் அடுப்பு மேடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஏறிட்டாங்க. தெக்கால இறங்குறோம். தங்கச்சிகிட்ட ஒரு சேதி சொல்லச் சொல்றாங்க. அந்த மாதிரி வார்த்தையெல்லாம் ரேடியோல சொல்ல எனக்கு அனுமதி இல்ல.”

மேவிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

“கேட்டுச்சுல்ல?” என்றாள் கோரல். “வச்சிடுறேன். ஒன்பது பேர் காத்திருக்காங்க.”

மேவிஸ் தன் பக்கத்தைத் திறந்தாள். டாலிவர் சாலையில் இன்னும் பதினான்கு வீடுகள் இருந்தன. எழுதினாள்: ‘தீ வடக்கு மேட்டில். கேட் பக்கம் போகாதீர்கள். தெற்கே இறங்குங்கள். ஐம்பத்திரண்டு நேரில் பார்த்துச் சொன்னது.’

பதிவேற்றும் முன் இன்னொரு வரி சேர்த்தாள்: ‘அதற்கு முன்னால் நான் ஒருவரைத் தீயை நோக்கியே அனுப்பிவிட்டேன்.’