பத்துக்கு எத்தனை?

கார்குழலி என்பது அவள் பெயர். பிறந்தபோதே தலை நிறைய முடி இருந்ததாம். தந்தை ஆசையோடு வைத்த பெயர். இப்போது அந்தக் கருங்குழல் நாள் முழுவதும் வலைக்குள் கொண்டையாக அடங்கிக் கிடக்கிறது. பதினேழு ஆண்டுகளாகச் செவிலியாகப் பணிபுரிபவள். பணி தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவாள். தன் நீலப் பேனாவை எவருக்கும் இரவல் கொடுக்கமாட்டாள். படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடமாட்டாள். சினம் வந்தால் அவள் குரல் உயராது. நேரே குழாயடிக்குச் சென்று, முழங்கைவரை சோப்பிட்டுக் கைகழுவத் தொடங்குவாள். முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வை மேற்கொண்ட எட்டு மாதங்களில் அவள் விரலிடுக்குகள் வெடித்தே போயிருந்தன என்றால், அவள் பட்ட பாட்டை நீங்களே கணித்துக் கொள்ளலாம்.

ஆய்வு இதுதான். எலும்பு முறிந்து வருகிறவரிடம், "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்க வேண்டும். வலியே இல்லையென்றால் சுழி. பொறுக்கவே முடியாத வலியென்றால் பத்து. மருத்துவர் எழுதித் தந்த வரம்புக்குள், நோயாளி சொல்லும் எண்ணைக் கொண்டே செவிலியர் மருந்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தால் வலி விரைவில் தணிகிறதா என்று பார்க்க வேண்டும். அறுபது பேரிடம் கேட்டு எழுதித் திங்கட்கிழமைக்குள் ஒப்படைத்தால் பட்டம். தவறினால் இன்னும் ஓராண்டு. படிப்புக்கென்று மறுபடி விடுப்புத் தர எவரும் காத்திருக்கவில்லை.

அவளுக்கு இந்த ஆய்வின்மேல் உண்மையான பற்று உண்டு. பணிக்கு வந்த புதிதில், காலொடிந்து கதறிய ஒருவரைப் பார்த்து, "சும்மா நடிக்கிறான், ஒண்ணுமில்ல" என்று மூத்த செவிலி ஒருத்தி சொல்லிவிட்டுப் போனதை அவள் மறந்தாளில்லை. வலி என்பது அதை அனுபவிப்பவர் சொல்வதே, அருகிலிருப்பவர் சொல்வதன்று. புதிய செவிலியியல் நூல்களும் இதையே அடித்துச் சொல்கின்றன. ஆகவே உறவினர் சொல்லும் எண் கணக்கில் சேராது என்பதைத் தன் ஆய்வுக்கு விதியாகவே வகுத்திருந்தாள்.

விதி எளிதாகத்தான் இருந்தது. மனிதர்கள் அல்லவா அதற்குள் அடங்க மறுத்தார்கள்!

"வலி பத்துக்கு எத்தனைங்க?"

"பரவால்லம்மா."

"பரவால்லன்னா எத்தனை?"

"பரவால்லன்னா பரவால்லதான். அதுக்கு மேல இன்னா சொல்றது?"

பரவாயில்லை என்பதற்கு இவ்வுலகில் எந்த ஆய்வாளரும் இதுவரை எண் கண்டுபிடித்தாரில்லை. மற்றொருவர் பதில் சொல்லாமல் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அந்த அம்மாள், கத்தரிக்காய்க்கு விலை பேசுவதுபோல, "ஒரு அஞ்சு போட்டுக்கோங்க சிஸ்டர், எதுக்கு வம்பு" என்பாள். நோயாளிக்கு வாசித்துக் காட்ட வேண்டிய விளக்கமோ அதற்கும் மேல்: "தங்களது தற்போதைய வலிச் செறிவினைச் சுழியம் முதல் பத்து வரையிலான எண் அளவுகோலில் மதிப்பீடு செய்க." நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்த வாசகம், ஓர் எழுத்தையும் மாற்றலாகாது. கார்குழலி அதை ஐம்பத்தொன்பது பேருக்கு ஐம்பத்தொன்பது முறை வாசித்தாள். அறுபதாமவராக வியாழக்கிழமை வந்து சேர்ந்தார் கிளமான்.

கிளமானுக்கு எழுபத்திரண்டு வயது. பிரெஞ்சு இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, தூமா வீதியில் குடியிருப்பவர். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனவர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்த்து, மாவுக்கட்டுப் போட்டு, ஆண்கள் வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கார்குழலி விளக்கத்தை வாசித்தபோது, மயக்கம் முற்றும் தெளியாத கண்களோடு, "உய், உய்" என்று பிரெஞ்சில் ஆமோதித்தார்.

"பத்துக்கு எத்தனை சார்?"

அவர் கட்டுப்போட்ட காலை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு, "எட்டு" என்றார்.

எட்டென்றால் ஊசி. உடனே போடப்பட்டது. இரவு பத்து மணிக்கு ஆறு என்றார்; மாத்திரையோடு நிறுத்தினார்கள். விடியற்காலையில் நான்கு என்றார்; அரை மாத்திரை. இவ்விரண்டையும் இரவுப் பணியிலிருந்த செவிலி குறித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கார்குழலி வந்து கேட்டபோது, "ரெண்டு" என்றார். எட்டு, ஆறு, நான்கு, இரண்டு. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இறங்கியது கோடு. எட்டு மாதத்தில் இத்தனை அழகான கோட்டை அவள் கண்டதில்லை.

"சிஸ்டர், நம்பாதீங்க" என்றார் கட்டிலருகே அமர்ந்திருந்த அவர் மனைவி மர்த். "ராத்திரி பூரா பல்லக் கடிச்சிக்கினு கெடந்தாரு. ஒரு பொட்டுத் தூக்கமில்ல. இவரா ரெண்டு?"

"அம்மா, அவர் வலிய அவர்தான் சொல்லணும். நீங்க சொன்னா கணக்குல வராது."

"ராத்திரி வந்த பொண்ணும் இதத்தான் சொல்லிச்சி. நாப்பத்தஞ்சு வருஷமா இந்த மனுஷனோட குப்ப கொட்றவ நானு. என் பேச்சு கணக்குல வராதாம்! யாரு போட்ட கணக்கும்மா அது?"

அந்தக் கணக்கைப் போட்டவள் குழாயடிக்குச் சென்று கைகழுவினாள். திரும்பி வந்து படிவத்தைப் பார்த்தபோது ஒரு கட்டம் எஞ்சியிருந்தது: கால்விரல்களின் நிறமும் சூடும். விடியற்காலைக்குரிய கட்டத்தில் 'நலம்' என்று எழுதியிருந்தது. போர்வையை விலக்கிப் பார்த்து எழுதியதா, விலக்காமல் எழுதியதா என்பது எழுதியவளுக்கே வெளிச்சம். கார்குழலி போர்வையை விலக்கினாள்.

கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஐந்து விரல்களும் வீங்கி, நீலம் பாரித்துக் கிடந்தன. தொட்டாள், குளிர்ந்திருந்தன.

"விரல அசைங்க சார்."

அசையவில்லை. கட்டைவிரலை மெல்லத் தன் கையால் நிமிர்த்தினாள். கிளமான் ஒலியேதும் எழுப்பவில்லை. ஆனால் அவர் பற்றியிருந்த கட்டில் கம்பி கடகடவென்று நடுங்கியது. நெற்றி வியர்வையால் நனைந்தது.

"சார்! இதுவா ரெண்டு?"

"ரெண்டேதான் மதாம். அதுவும் போனாப் போவுதுன்னு போட்டது. நியாயமாப் பாத்தா ஒண்ணுதான்."

"என்ன சொல்றீங்க? எனக்குப் புரியல."

"நேத்து சாயந்தரம் கால் நல்லா இருந்திச்சி. எட்டு போட்டேன். ராத்திரி கெட்டுப் போச்சி, ஆறு. விடிஞ்சதும் நாலு. இப்ப சுத்தமா பெயிலு. எங்க எக்கோல்ல, அதான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல, இருபதுக்குத்தான் மார்க்கு போடுவாங்க. இருபதுக்கு இருபது எவனுக்கும் கெடையாது. நீங்க பத்துக்குன்னு கேட்டீங்க, பாதியாக்கிச் சொன்னேன்."

"நான்தான் வாசிச்சிக் காட்டினேனே சார்!"

"வாசிச்சீங்க. அந்தத் தமிழுக்கு எங்க பிரெஞ்சே தேவலாம்." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "வந்து வந்து எழுதிக்கினு போறீங்க. கால் பெயிலாவறது தெரிஞ்சும் ஒண்ணும் செய்யலியே, இருக்கற மருந்தையும் கொறைக்கறாங்களேன்னு நெனச்சேன். சரி, ஆஸ்பத்திரி ஒழுங்கு அப்படிப் போலன்னு இருந்துட்டேன்."

கார்குழலி வார்டே திரும்பிப் பார்க்குமாறு மருத்துவரைக் கூவி அழைத்தாள். பதினேழு ஆண்டுகளில் அவள் குரல் உயர்ந்து கேட்டவர் அங்கு எவருமில்லை. ஓடிவந்த மருத்துவர் இளஞ்செழியன் விரல்களைப் பார்த்த மாத்திரத்தில் கட்டறுக்கும் கருவியைக் கேட்டார். மாவுக்கட்டை நீளவாட்டில் பிளந்து, உள்ளிருந்த பஞ்சையும் வெட்டி விலக்கினார்கள். அடக்கிவைத்த கால் புடைத்துக்கொண்டு வெளிப்பட்டது. அரை மணி நேரத்துக்குப் பிறகு கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக நிறம் திரும்பியது. கிளமான் கண்களை மூடி, நெடுமூச்செறிந்தார்.

"மத்தியானம் வரைக்கும் விட்டிருந்தா கால் பொழச்சிருக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் இளஞ்செழியன், கையுறையைக் கழற்றியபடி. "காலையில ரவுண்ட்ஸ் வந்தப்ப ஷீட்டப் பாத்தேன் சிஸ்டர். எட்டு, ஆறு, நாலுன்னு எறங்கியிருந்திச்சி. நல்லாத்தான் இருக்காருன்னு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன்."

"இப்பவாவது என் பேச்சக் கணக்குல சேத்துக்கினீங்களா?" என்றார் மர்த்.

அவர் கேட்டதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஐயம் என்று ஒன்று நுழைந்துவிட்டால் அது சும்மா இருக்குமா? ஆய்வில் இடம் பெற்றவர்களில் சிலர் இன்னும் வார்டுகளில்தான் இருந்தார்கள். அவள் நேரே பெண்கள் வார்டுக்குச் சென்றாள். வீராம்பட்டினத்துக் குஞ்சம்மாள், மணிக்கட்டில் தகடு வைத்த கையைத் தலையணைமேல் ஏந்திக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரிக்கு வஞ்சிரக் குழம்பின் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்ட போதெல்லாம் பத்து என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

"அக்கா, எப்பக் கேட்டாலும் பத்து பத்துன்னு சொன்னீங்களே, அவ்ளோ வலியா இருந்திச்சி?"

"வலியா? மொத நாளு இருந்திச்சி, அப்பறம் கொறஞ்சி போச்சி. ஏன் கண்ணு?"

"அப்ப ஏன் பத்துன்னு சொன்னீங்க?"

"நீ எம்மாம் நல்ல பொண்ணு! கையப் புடிச்சிக்கினு கேக்கற. என்னய மார்க்கெட்டுல எறக்கி வுடற ஆட்டோக்காரப் புள்ள சொல்லும், ஸ்டாரு கொறச்சிப் போட்டா வேலய வுட்டுத் தூக்கிடுவாங்கன்னு. உனக்கு நான் கொறச்சிப் போடுவனா? முழுசா பத்து குடுத்தேன்."

"அக்கா, நீங்க பத்துன்னதாலதான் ஒங்களுக்கு ஊசி போட்டாங்க!"

"நானும் பாத்தேன். பத்து குடுக்கறப்பல்லாம் ஒரு ஊசி குத்தறாங்களேன்னு. சரி, இது இவங்க மரியாத போலன்னு வாங்கிக்கினேன்."

பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கார்குழலிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. மீண்டும் ஆண்கள் வார்டுக்கு நடந்தாள். சேதராப்பட்டில் இயந்திரத்தில் விரல் நசுங்கி வந்த தமிழ்மாறன், கடைசிவரை மூன்றுக்கு மேல் சொல்லாத வீரன். அவனிடம் காரணம் கேட்டாள். நான்கைத் தொட்டாலே ஊசிதான் என்று பழைய நோயாளி ஒருவர் முதல் நாளே தப்பாகச் சொல்லிப் பயமுறுத்தியிருந்தாராம்.

"ஊசின்னா எனக்கு உயிரே போயிடும் சிஸ்டர். வலி பரவால்ல" என்றான் அவன்.

வராந்தாவில் நின்று அவள் எண்ணிப் பார்த்தாள். அறுபது பேரும் இப்படியிருக்க முடியாது. நாற்பது பேராவது கேட்டதைக் கேட்டபடியே விளங்கிக்கொண்டு சொல்லியிருப்பார்கள். ஆனால் எந்த நாற்பது? கல் கலந்த அரிசியைப் பொறுக்கி எடுக்கலாம். கல்லும் அரிசி நிறத்திலேயே இருந்தால் எதைப் பொறுக்குவது? மார்க் போட்ட கிளமான்மேல் எரிச்சல் வந்தது. அன்பினால் ஊசி குத்திக்கொண்ட குஞ்சம்மாள்மேல் எரிச்சல் வந்தது. ஓர் எழுத்தையும் மாற்ற விடாத குழுவின்மேல் வந்தது. எண் கையில் கிடைத்தவுடன் போர்வையை விலக்கிப் பாராத எல்லார்மேலும் வந்தது. அந்த எல்லாரில் தானும் ஒருத்தி என்பதும் நினைவுக்கு வந்தது. பத்து என்றால் என்னவென்று அவள் சொல்லியிருந்தாள். அவர்களுக்கு என்ன விளங்கியது என்று ஒருவரிடமும் கேட்டாளில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு, ஆய்வு நெறியாளரான பேராசிரியை செல்வாம்பாளின் அறைக்குப் படிவக்கட்டோடு சென்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் கூறினாள். செல்வாம்பாள் கெட்டவர் அல்லர். முப்பது மாணவியரைக் கரையேற்றிக் களைத்தவர்.

"கால் பொழச்சிடுச்சில்ல? அதுதான் முக்கியம்" என்றார். "இப்ப நான் சொல்றதக் கேளு. அந்தக் கேச எடுத்துடு. ஐம்பத்தொன்பது தாராளமாப் போதும். 'நோயாளிகள் சிலர் அளவுகோலைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்'னு குறைபாடுகள் பகுதியில ஒரு வரி சேத்துடு. எல்லார் ஆய்வுலயும் அந்த வரி இருக்குது. என் ஆய்வுலயே இருக்குது."

"சிலர்னா யார் யார் மேடம்?"

"அத யாரும் கேக்கமாட்டாங்க."

"இதப் படிச்சிட்டு வேற ஒரு ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு, வீட்டுக்காரம்மா கத்தறதக் காதுல வாங்காம மருந்தக் கொறைக்கும் மேடம். கால் நீலமாவறது அதுக்குத் தெரியாது. எனக்கே தெரியல."

"கார்குழலி, உணர்ச்சிவசப்படாத. எட்டு மாசம்! முடிவும் அழகா வந்திருக்குது."

"அழகாத்தான் வந்திருக்குது."

"பின்ன? இன்னொரு வருஷத்துக்கு யாரு உனக்கு லீவு குடுப்பா? கூடப் படிச்சவளுங்க பட்டம் வாங்கிக்கினு போவாளுங்க. நீ மறுபடி நைட் ட்யூட்டிக்குப் போய் நிப்ப. நல்லா யோசிச்சியா?"

"லீவு குடுக்கமாட்டாங்க. ட்யூட்டி முடிச்சிட்டு இருந்து கேக்கறேன்."

"எத்தனை பேரக் கேப்ப?"

கார்குழலி படிவக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அறுபது பேர" என்றாள். "இந்த அறுபதையும் எடுத்துடறேன். பத்துன்னா என்ன, சுழின்னா என்னன்னு மொதல்ல அவங்கள எனக்குச் சொல்லச் சொல்லுவேன். அப்பறந்தான் எத்தனன்னு கேப்பேன். கூட இருக்கறவங்க சொல்றதயும் எழுதிப்பேன். குழுவுக்குப் புதுசா விண்ணப்பம் போடணும், அத இன்னிக்கே எழுதறேன். திங்கட்கெழம நான் ஆய்வ ஒப்படைக்கல மேடம்."