அடிலெய்டு குன்மனரா

பெரிய கான்வாஸில் ஒரு மூலை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அக்கா தங்கைகள் மூன்று பேர் சேர்ந்து வரையும் படம். இரண்டு பேர் தங்கள் பங்கை முடித்துத் தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டார்கள். மீதி மூலை இன்யிகா அத்தையுடையது. அவள் வரைய வேண்டிய இடத்தில் வேறு யாரும் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார்கள். வியாழக்கிழமை அடிலெய்டு கண்காட்சிக்கு லாரி கிளம்புகிறது. அன்று திங்கள்.

கணவர் இறந்து, உறவினரோடு ஊருக்கு வெளியே துக்க முகாமில் இருந்துவிட்டு, அத்தை அன்றுதான் ஓவியக் கொட்டகைக்கு வந்தாள். வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே திரும்பி நடந்துவிட்டாள்.

ஓவிய மையத்தில் வேலை பார்க்கும் டெல்வீன் பின்னாலேயே ஓடினாள். "அத்தை, என்ன ஆச்சு? நில்லுங்க!"

"சுவத்துல ஒட்டி வச்சிருக்கீங்களே, யாருக்கும் கண்ணு தெரியலையா?"

சுவரில் வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. அவற்றில் ஐந்தாறு சீட்டுகளில் இறந்தவரின் பெயர். அவர் இறந்த அன்றைக்கே அவருடைய புகைப்படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாயிற்று, பழைய சீட்டுகளையும் கிழித்தாயிற்று. ஆனால் கண்காட்சிக்கென்று அடிலெய்டு விற்பனை அலுவலகம் புதிய சீட்டுகளை அச்சடித்து அனுப்பியிருந்தது. டெல்வீனின் பெரியம்மா மகன் ட்ராய் அவற்றை ஒட்டியிருந்தான்.

"நான் ஒட்டினேன். படிச்சேன்னு யாரு சொன்னா?" என்றான் ட்ராய்.

"படிக்காம ஒட்டுறதுக்கு உன்னை மாதிரி ஒரு ஆளு வேணும்."

"கம்ப்யூட்டர் படிக்கிறவ நீதானே? நீ சரி பண்ணு."

இந்த ஊர்ப் பழங்குடியினர் யாரும் இறந்தவரின் பெயரைச் சொல்வதில்லை. குடும்பம் போதும் என்று சொல்லும்வரை, அந்தப் பெயர் வர வேண்டிய இடத்தில் குன்மனரா என்பார்கள். ஆகவே அந்தப் பெயர் இங்கும் வராது.

மையத்தின் தரவுக் கோப்பைப் பார்த்துக்கொள்வது டெல்வீனின் வேலை. எந்தப் படம், யார் வரைந்தது, எந்த ஊர்க் கதை, என்ன அளவு, எல்லாம் அதில்தான். சீட்டுகள் அதிலிருந்துதான் அச்சாகின்றன. அடிலெய்டிலும் அதே கோப்பு, இணையக் கம்பி வழியாக ஒன்றில் செய்த மாற்றம் மற்றதிலும் வந்துவிடும். கோப்பைத் தொடுமுன் அடிலெய்டில் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டாள்.

"அந்த ஒருத்தரோட வரிகளை மட்டும் மாத்துங்க. வேற எதையும் தொடாதீங்க, டெல்வீன்" என்றார் அடிலெய்டுக்காரர்.

மாலைக் கணினி வகுப்பிலும் இதையேதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் படித்துக்கொண்டிருந்த பாடம் ரெஜெக்ஸ். தேட வேண்டிய எழுத்துகளின் சாயலைக் குறிகளால் ஒரு வரியாக எழுதிக் கொடுத்தால், அந்தச் சாயலில் இருப்பதையெல்லாம் கணினி பிடித்து மாற்றிவிடும். 'வேண்டியதை மட்டும் பிடி, வேண்டாததைத் தொடாதே' என்று முதல் பாடத்திலேயே எழுதிக்கொண்டாள். எனவே வரைந்தவர் பெயர் இருக்கும் பத்தியில் மட்டும் தேடச் சொன்னாள். முழுப்பெயரைக் கொடுத்தாள். முன்னும் பின்னும் \b என்று சொல்லெல்லை வேலி போட்டாள், வேறு சொல்லோடு ஒட்டி நின்றால் பிடிபடாது. முதலில் ஒரு நகலில் ஓட்டிப் பார்த்தாள். பிடிபட்டவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்றும் தவறவில்லை, ஒன்றும் கூடவில்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை அவள் செய்ததே இல்லை. அதுவே அவளுக்குக் கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அத்தை மறுபடி வந்தாள். உட்கார்ந்தாள். சிவப்பு வண்ணக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். டெல்வீன் தன் மேசைக்குத் திரும்பப் போனாள். அதற்குள் அத்தையின் கண் எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது. அங்கே கால்பந்துக்காரப் பையன் செதுக்கிய மரப்பாம்பு. அதன் சீட்டில் அவன் பெயர். இறந்தவருக்கும் அவனுக்கும் ஒரே பெயர்.

அத்தை எழுந்தாள். "உனக்குத் தெரியாதா? நீ எங்க பொண்ணுதானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் பெயருள்ள உயிரோடிருப்பவர்களும் இப்போது குன்மனராதான். டெல்வீனுக்கா தெரியாது? சனிக்கிழமை ஆட்டத்தில் "ஓடு குன்மனரா, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தியவள் அவள். வாய் தானாகச் செய்ததை விரல் செய்யவில்லை. திரைக்கு முன் உட்கார்ந்ததும் வகுப்பில் சொன்னதும் அடிலெய்டு சொன்னதும்தான் ஞாபகம் வந்தன. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் கோபம் வந்தது.

"சுத்தமா வேலை செஞ்சேன்னு சொன்னே?" என்றான் ட்ராய்.

"சுத்தமாத்தான் செஞ்சேன். அதுதான் தப்பு."

புதன்கிழமை காலை, ஆள் வருமுன் உட்கார்ந்தாள். அடிலெய்டில் கேட்கவில்லை. பத்திக் கட்டுப்பாட்டை எடுத்தாள், இனி கோப்பு முழுவதும் தேடும். குடும்பப் பெயரை எடுத்தாள், முதற்பெயர் மட்டும் போதும். இரு பக்கத்து வேலியையும் பிடுங்கினாள். பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, தனியாக நின்றாலும் வேறு சொல்லோடு ஒட்டி நின்றாலும் பிடிக்கச் சொன்னாள். நகலில் ஓட்டினாள்.

வகுப்பில் இப்படி ஒரு விடையைக் கொடுத்திருந்தால் தோற்றிருப்பாள். பிடிபட்ட பட்டியலில் கால்பந்துப் பையன் வந்தான். படம் வாங்கியிருந்த ஊர் மருத்துவமனை நர்ஸ் வந்தார். பழைய மாட்டுக்காரர் ஒருவரின் பெயர் தாங்கிய ஓடை வந்தது, அதன் கரையிலிருக்கும் காற்றாலையும் வந்தது. டெல்வீன் ஒவ்வொன்றையும் வாய்க்குள் குன்மனரா போட்டுச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே ஒலித்தது.

கடைசியாக, ஒவ்வொரு சீட்டின் அடியிலும் வரும் வரி. தொடர்புக்கு என்று போட்டு அடிலெய்டுக்காரரின் பெயரும் மின்னஞ்சலும். அவருக்கும் அதே பெயர். அது பிறந்தபோது அவர் அம்மா வைத்த பெயர், அவர் இந்த ஊருக்கு வந்ததே இல்லை.

இங்கே அவள் கை நின்றது. அந்தப் பெயரே உள்ள மின்னஞ்சலில் கை வைத்தால் வாங்குபவர்களின் கடிதம் எங்கும் போய்ச் சேராது. வேலையும் போகலாம். நேற்று எல்லாச் சீட்டிலும் இந்த வரியும் இருந்திருக்கிறது, அத்தை மரப்பாம்பைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்திருப்பாள். டெல்வீன் மின்னஞ்சலை எடுத்துவிட்டு மையத்தின் தொலைபேசி எண்ணைப் போட்டாள். பெயரை விட்டுவைக்கவில்லை. பழைய கோப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றி இரும்பு அலமாரியில் பூட்டினாள். பிறகு உண்மைக் கோப்பில் ஓட்டினாள்.

சீட்டுகள் மாறின. அத்தை வந்தாள். இந்த முறை உட்காருமுன் நான்கு சுவரையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். டெல்வீன் அலமாரிச் சாவியை அவள் கையில் வைத்தாள்.

"என்னடி இது?"

"பழைய பேரெல்லாம் உள்ள இருக்கு. எப்போ திறக்கணும்னு நீங்க சொல்லுங்க."

அத்தை சாவியைப் பாவாடை முடிச்சில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மதியம் அடிலெய்டிலிருந்து தொலைபேசி அடித்தது.

"டெல்வீன், என்ன செஞ்சு வச்சிருக்கீங்க? கோப்பு பூரா நாசம்!"

"நாசம் இல்ல. சரியாத்தான் இருக்கு."

"ஓடைக்குப் பேரு மாறிடுச்சு! உங்க தேடல் கண்டதையெல்லாம் முழுங்கியிருக்கு."

"முழுங்கச் சொன்னதே நான்தான்."

"என் பேரையுமா? ஒவ்வொரு வரியிலும் என் பேரு இருந்த இடத்துல... இதை எப்படிச் சொல்றது?"

"குன்மனரா. இங்க உங்களை இப்போ அப்படித்தான் கூப்பிடுவோம்."

"நான் உயிரோட இருக்கேன்!"

"இங்க இருக்கிற நர்ஸும்தான் உயிரோட இருக்கார். அவர் கோவிச்சுக்கலை, குன்மனரா."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "பாருங்க, எங்கிட்ட நேத்துக் கோப்பு இருக்கு. இங்கேருந்து திரும்ப ஏத்திடுவேன்."

டெல்வீன் நாற்காலியைப் பின்னே தள்ளினாள். குனிந்து, மேசைக்கு அடியில் சுவரோடு இணைந்த நீல இணையக் கம்பியைப் பிடித்து இழுத்தாள். வெடுக்கென்று கையோடு வந்தது.

"ஏத்துங்க, இங்க வராது. வந்துச்சுன்னா அத்தை எழுந்து போயிடுவாங்க. அந்த மூலை வெறுமையாவே வரும், அப்படியே உங்க சுவத்துல மாட்டிக்கோங்க. யாராவது கேட்டா, ஒரு பேருக்காக மூணு பேரு படத்தைப் பாழாக்கினேன்னு நீங்களே சொல்லுங்க."

"இது எவ்வளவு நாளைக்கு?"

"அத்தை சொல்ற வரைக்கும். எங்கிட்ட கேட்காதீங்க, சாவி எங்கிட்ட இல்ல."

வைத்துவிட்டாள். கம்பியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று ஒரு நினைப்பு வந்தது. கதவுக்கு வெளியே கொட்டகையில் அத்தை குனிந்திருந்தாள். வெறுமையான மூலையில் சிவப்புப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அந்த நினைப்பு போய்விட்டது.

"யாருடி போன்ல? அவ்வளவு சத்தம்?" என்றாள் அத்தை, தலையைத் தூக்காமலே.

"குன்மனரா."

"எந்தக் குன்மனரா?"

"அடிலெய்டு குன்மனரா."

அத்தையின் தூரிகை நின்றது. அவள் தோள்கள் முதலில் குலுங்கின, பிறகு சிரிப்பு வெளியே வந்தது. துக்கத்துக்குப் பிறகு அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை.

"அங்கேயுமா போயிட்டான் அந்த மனுஷன்!" என்றாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தூரிகையைக் கிண்ணத்தில் தோய்த்தாள். "ட்ராய், லாரிக்காரன் நாளைக்கு வந்தா நிக்கச் சொல்லு. இது காய்ஞ்சாத்தான் ஏத்தணும்."