உரியாஸின் போர்வை

தாவீது ராஜா நாடகத்தில் உரியாஸ் செத்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. வெள்ளைப் போர்வைக்குள் மல்லாந்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சு விடுவது வெளியே தெரியக்கூடாது. எறும்பு கடித்தாலும் கால் அசையக்கூடாது. இந்த வேஷத்தைச் சவுரிராயன் இரண்டு தவக்காலங்களாகக் குறையில்லாமல் செய்துவந்தார். அதற்கு முன்பு தாவீதாக இருந்தவர் அவர்.

விழுப்புரத்துக்கும் வளவனூருக்கும் இடையே, ரயில் பாதையை ஒட்டியிருந்த கிறிஸ்தவச் சேரியில் ஆண்டுதோறும் தவக்காலத்தில் அந்த நாடகம் நடக்கும். கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆடு மேய்த்த தாவீதை ஆண்டவர் அரசனாக்கினார். தாவீது ஆண்டவரை மறந்தவன் அல்லன். ஆயினும் தன் போர்வீரன் உரியாஸின் மனைவி பெத்சபே குளிப்பதைப் பார்த்தான், அவளை அரண்மனைக்கு அழைத்துக்கொண்டான், உரியாஸைப் போர்முனையில் முதல் வரிசையில் நிறுத்திச் சாகவிட்டான். நாத்தான் என்னும் தீர்க்கதரிசி வந்து அவன் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொல்கிறார். அரசன் உரியாஸின் பிணத்தருகே முழங்காலிட்டுப் புலம்பல் பாடுகிறான். வேதாகமத்தில் அந்தப் பிணம் கிடையாது. நாடகத்தைக் கட்டிய முந்தைய உபதேசியார் அதைச் சேர்த்தார். பங்குச் சாமியாருக்கு அதில் ஆட்சேபம் இருந்தது. ஒரு முறை நாடகம் பார்த்தார். அதன் பிறகு ஆட்சேபிக்கவில்லை.

சவுரிராயன் ரயில் பாதையில் கேங்மேன் வேலை பார்த்தார். ஒரு மழைக்காலத்து இருமலுக்குப் பிறகு அவருடைய குரல் மேல் சுரத்தில் இரண்டாகப் பிளந்தது. கஷாயம் குடித்தார், பயனில்லை. நாடகத்தை நடத்திவந்த உபதேசியார் தைரியநாதர் கிரீடத்தைச் செவத்தியானுக்குக் கொடுத்தார்.

செவத்தியான் வண்டியோட்டி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போவான். கண்டமங்கலத்தைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரன் சீமை. அங்கே சாராயம் மலிவு. போகும்போது அவன் மாடுகளை ஓட்டுவான்; வரும்போது மாடுகள் அவனைக் கொண்டுவந்து சேர்க்கும். நிச்சயமான பெண்ணைக் கைவிட்டவன் என்றும், கைவிட்ட பிறகும் அவள் வீட்டுப் பக்கம் போகிறவன் என்றும் அவனுக்குப் பெயர் இருந்தது. பூசையில் கடைசி வரிசையில் நின்று கொட்டாவி விடுவான்.

சவுரிராயன் குடித்ததில்லை. பூசைக்குத் தவறியதில்லை. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டால் சொல்வதற்கு ஏதும் அகப்படாமல், “கோபப்பட்டேன், சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவார். அதுகூட முழு உண்மை அன்று. அவர் அதிகம் கோபப்பட்டதுமில்லை.

போர்வைக்குள் கிடந்தபோதுதான் அவருக்கு அந்த நோய் பற்றியது. கண் மூடியிருக்க, காது திறந்திருந்தது. தம் பாட்டை இன்னொருவன் பாடக் கேட்டார். அவர் வாய்க்குள் வைத்துப் பழகிய ஒவ்வோர் எழுத்தும் வேறொரு தொண்டையிலிருந்து வந்தது. பிறகு கூட்டத்தின் அழுகை கேட்டது. அந்த அழுகையில் தம் மனைவி செண்பகத்தின் விசும்பலையும் அவர் பிரித்தறிந்தார்.

வீட்டுக்கு வந்து, கேப்பைக் கூழின் முன் உட்கார்ந்து, அதைத் தொடாமல் கேட்டார்.

“நானுந்தான் எத்தினி வருஷம் பாடினேன். ஒரு நாளாச்சும் இப்பிடி அழுதியா?”

“அழுதேனே.”

“மூக்கச் சிந்தினே. இன்னிக்கி அழுதது வேற.”

செண்பகம் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். “அந்தப் பையன் பண்ணாத அக்கிரமமா? அத்தினியும் நெனச்சிக்கினு பாடுறான். கேக்கறவளுக்கு அழுவாம இருக்க முடியல. நீங்க பாடுனா, ஐயோ பாவம், இந்த மனுசன் இன்னா தப்புப் பண்ணிட்டாருன்னு இப்பிடி அழுவுறாருன்னு இருக்கும்.”

அவள் புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். சவுரிராயன் கூழை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். ஒழுக்கமாக இருந்ததற்கு இப்படி ஒரு தண்டனை உண்டென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தவறு செய்தவனுக்குக் கிரீடமும் பாட்டும் கண்ணீரும், செய்யாதவனுக்குப் போர்வை. நாடகத்திலும் அப்படித்தான் இருந்தது, வெளியிலும் அப்படித்தான் இருந்தது. உரியாஸ் என்ன பாவம் செய்தான்? அவனுக்கு ஒரு விருத்தம்கூட இல்லை.

1942-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் திண்டிவனத்துக் கோயிலிலிருந்து நாடகத்துக்கு அழைப்பு வந்தது. குண்டுக்குப் பயந்து பட்டணத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே நிறைந்திருந்தன. யுத்த கால விளக்குக் கட்டுப்பாடு இருந்ததால் நாடகத்தைப் பிற்பகலில் வைத்துக்கொண்டார்கள். சேரிக்கு வெளியே அந்த நாடகம் போவது அதுவே முதல் முறை. பட்டணத்தார் கேட்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து சவுரிராயன் தண்டவாளத்தருகே தனியாக நடக்கும்போது மேல் சுரத்தைத் தொட்டுப் பார்த்தார். சில நாள் அது பிளந்தது. சில நாள் பிளக்கவில்லை. பிளக்காத நாட்களை மட்டும் அவர் நினைவில் வைத்துக்கொண்டார்.

வேஷப் பெட்டியோடு விழுப்புரத்தில் ரயிலேறி, திண்டிவனத்தில் இறங்கினார்கள். கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் அரிதாரம் பூசினார்கள். எல்லோரும் பூசி முடித்ததும் தாவீதுக்குக் கிரீடம் கட்ட வேண்டும். அதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு மனத்தாங்கல் கேட்பது என்று பெயர். தாவீது வேஷக்காரன் நடுவில் நிற்பான். உபதேசியார் மற்றவர்களைப் பார்த்து, “இவன்மேல் யாருக்காவது மனத்தாங்கல் உண்டா?” என்று கேட்பார். எல்லோரும் “இல்லை” என்றால் கிரீடம் ஏறும். ஒருவர் “உண்டு” என்றாலும் ஏறாது. என்ன மனத்தாங்கல் என்று உபதேசியார் கேட்கமாட்டார். வேஷக்காரனே தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். மன்னிக்கிறவர் “விட்டேன்” என்று சொல்ல வேண்டும். பொய்யான புலம்பலைப் பாட ஒருவன் மேடை ஏறிவிடக்கூடாது என்பதற்காகப் பழைய உபதேசியார் வைத்த ஏற்பாடு அது. முன்பொரு முறை ஒரு கோழிக்காக யாரோ “உண்டு” என்று சொல்லி, சொன்னவரே சிரித்துவிட்டதாகக் கேள்வி.

செவத்தியான் நடுவில் நின்றான். தைரியநாதர் கேட்டார்.

“உண்டு” என்றார் சவுரிராயன்.

அந்தச் சொல் பிசிறில்லாமல் வந்தது.

செவத்தியான் அவரைப் பார்த்தான். பிறகு, தயக்கமே இல்லாமல், அரிதாரம் பூசிய நெற்றி மண்ணில் படும்படி அவர் காலில் விழுந்தான்.

“மாமா, ஒங்க மரத்துல முருங்கக்கா பறிச்சது நான்தான்.”

முருங்கைக்காய் காணாமற்போனது சவுரிராயனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

“வளவனூரு சந்தையில ஒங்க இருமல செஞ்சி காமிச்சேன் மாமா. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பவே மனசு கேக்கல. அப்புறம் இன்னொரு தபா கேட்டாங்க, இன்னொரு தபாவும் செஞ்சேன்.”

“இது வேறயா!” என்றான் மண்ணாங்கட்டி. அவன் கட்டியக்காரன், நாடகத்தில் கோமாளி, வெளியிலும் அதே உத்தியோகம்.

“போன வருஷம் நீங்க போர்வைக்குள்ள கெடந்தப்ப எறும்பு ஏறிச்சில்ல? பாத்தேன் மாமா. பாத்துக்கினே, வேணும்னு, கடைசி அடிய ரெண்டாவது தபா பாடினேன்.”

யாரோ சிரித்தார்கள்; சிரித்தவரே கண்ணையும் துடைத்துக்கொண்டார். சவுரிராயன் அதைக் கவனித்தார். இவனிடம்தான் எவ்வளவு பாவங்கள் இருக்கின்றன! எடுக்க எடுக்க வருகின்றன. ஒவ்வொன்றும் பார்க்கிறவர் மனத்தை இளக்குகிறது. மன்னிக்க வேண்டியவர் தாம். ஆனால் மரத்தடியில் எல்லோருடைய கண்ணும் விழுந்து கிடப்பவன்மேல் இருந்தது. மேடைக்கு வெளியிலும் அவன் புலம்பலைப் பாடிவிட்டான்.

“யோவ் சவுரி, இவங்கிட்ட சரக்குத் தீராதுய்யா. சொல்லிக்கினே போவான். விட்டேன்னு சொல்லிடு. அங்க பட்டணத்து ஜனம் பேஜாராவுது” என்றான் மண்ணாங்கட்டி.

சவுரிராயன் வாயைத் திறக்கவில்லை. செவத்தியான் சொன்ன எதுவும் தம் மனத்தாங்கல் அன்று என்பது அவருக்குத் தெரியும். உண்மையான மனத்தாங்கலை அவன் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் அதில் அவன் செய்த தவறு ஒன்றுமில்லை.

தைரியநாதர் வயதானவர், வாதாடுகிற வழக்கமில்லாதவர். கோயில் மணி ஒலித்தது.

“வழக்கத்த நான் மாத்த முடியாது” என்றார். “இவன வுட்டா பாட்டுத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான். வந்து நில்லுங்க.”

சவுரிராயன் நடுவில் போய் நின்றார். தைரியநாதர் அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். இம்முறை எல்லோரும் செவத்தியானைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். அவரும் கிரீடமில்லாமல் நிற்பார். செவத்தியான் நெற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“எனுக்கு ஒண்ணுமில்ல. மாமா பாடட்டும்” என்றான். பிறகு உரியாஸின் தலைப்பாகையைத் தேடப் போனான்.

கல்யாண முருங்கைக் கட்டையில் கண்ணாடித் துண்டுகள் பதித்த அந்தக் கிரீடத்தைச் சவுரிராயன் தலையில் வைத்துக் கயிற்றை இறுக்கினார்கள். பழைய இடத்திலேயே அது உட்கார்ந்தது.

வெயிலில் நாடகம் தொடங்கியது. தீவட்டி வெளிச்சத்தில் அரசர்களாகத் தெரிகிறவர்கள் வெயிலில் அரிதாரம் பூசிய கூலிக்காரர்களாகத் தெரிந்தார்கள். ஆயினும் கூட்டம் உட்கார்ந்திருந்தது. கொலுமண்டபக் காட்சியில் சவுரிராயன் நன்றாகவே செய்தார். வசனத்தில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. உரியாஸ் போர்முனையில் விழுந்தான்; வெள்ளைப் போர்வை அவனை மூடியது. பிறகு நாத்தானாகத் தைரியநாதர் வந்தார். ஆடுமாடுகள் நிறைந்த ஒரு பணக்காரன், ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட கதையைச் சொன்னார். அரசன் சீறி, “யார் அந்த மனிதன்?” என்று கேட்க வேண்டும். சவுரிராயன் கேட்டார்.

“அந்த மனிதன் நீயே.”

மற்ற ஆண்டுகளில் தைரியநாதர் அதை இடிபோல் சொல்வார். இன்று அருகில் வந்து, மெதுவாக, ஒரு சேதியைச் சொல்வதுபோல் சொன்னார். முன்வரிசைக்கு அப்பால் யாருக்கும் கேட்டிருக்காது.

சவுரிராயன் போர்வையருகே முழங்காலிட்டார். தம் வாழ்நாளில் முதன்முறையாகப் புலம்பலுக்குத் தகுதியான ஒரு பாவம் அவரிடம் இருந்தது. அந்தப் பாவத்துக்கு ஆளானவனும் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தான். செண்பகம் சொன்ன குறை தீர்ந்துவிட்டது. அவர் கண் கலங்கியது. பாடத் தொடங்கினார். முதலடி நின்றது. இரண்டாம் அடியில் மேல் சுரம் வந்தது, குரல் பிளந்தது.

மறுபடி தொட்டார், மறுபடி பிளந்தது. மத்தளம் நின்றது. பட்டணத்துச் சிறுமி ஒருத்தி சிரிக்க, அவள் தாய் அவளை அதட்டினாள்.

அப்போது போர்வைக்குள்ளிருந்து அந்தச் சுரம் எழுந்தது. முதலில் மெல்ல வந்தது. பிறகு தாங்கி நின்றது. வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே போய் வெளியே வந்தது. கூட்டம் எழுந்து எட்டிப் பார்த்தது. பிணம் பாடக்கூடாது. அந்த நாடகம் தோன்றிய காலத்திலிருந்து பிணம் பாடியதில்லை.

எதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியவன் கட்டியக்காரன். மண்ணாங்கட்டி முன்னால் குதித்தான்.

“மகா ஜனங்களே! ராஜாவுக்குத் துக்கத்துல தொண்ட அடச்சிப்போச்சி. யாரைக் கொன்னாரோ அவனே படுத்துக்கினு பாடுறான். நம்ம ஊர்ல உசுரோட இருக்கிறவனுங்களே மன்னிக்கிறதில்ல. இங்க செத்தவன் மன்னிக்கிறான், பாருங்க!”

கூட்டம் அழுதது. சவுரிராயன் கீழ்ச் சுரத்தில் பாடினார். மேல் சுரம் வரும் இடமெல்லாம் போர்வை பாடியது. அவர் கன்னத்திலும் நீர் வழிந்தது. அதில் எவ்வளவு பச்சாத்தாபம், எவ்வளவு பொறாமை என்று அவராலேயே பிரிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கும் அடியை வாய் பாடிக்கொண்டிருக்க, மனம் வேறொன்றைக் கேட்டது: மல்லாந்து கிடந்துகொண்டு, முகத்தின்மேல் துணியோடு, இவனால் எப்படி இப்படிப் பாட முடிகிறது?

நாடகம் முடிந்ததும் பட்டணத்தார் புளியமரத்தடிக்கு வந்தார்கள். “பொணமா இருந்தவரு யாரு?” என்று கேட்டார்கள். செவத்தியான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கிரீடத்தின் முடிச்சு இறுகிப்போயிருந்ததால் சவுரிராயன் அதைத் தலையில் வைத்துக்கொண்டே ஓரமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் செவத்தியான்தான் வந்து பின்னால் நின்று பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தான்.

“விட்டேன்டா” என்றார் சவுரிராயன், திரும்பிப் பார்க்காமல்.

“இப்ப சொல்லி இன்னா மாமா, நாடகமே முடிஞ்சிபோச்சி” என்று சிரித்தான் செவத்தியான். கிரீடத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சவுரிராயன் ரயிலில் நினைத்தார். மயிலத்தில் கேட்கலாம் என்று நினைத்தார். விக்கிரவாண்டியில் கேட்கலாம் என்று நினைத்தார். விழுப்புரம் வந்துவிட்டது. அந்த வாரப் பாவசங்கீர்த்தனத்தில் அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் இருந்ததைச் செண்பகம் கவனித்தாள்.

அடுத்த தவக்காலத்தில் சேரியிலேயே நாடகம் நடந்தது. செவத்தியான் நடுவில் நிற்க, தைரியநாதர் மனத்தாங்கல் கேட்டார். எல்லோருக்கும் முந்திக்கொண்டு “இல்லை” என்றவர் சவுரிராயன். அது பொய் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பொய்யை அவர் பிறகு சாமியாரிடம் சொல்லவில்லை.

உரியாஸாக விழுந்தார். போர்வை மூடியது. புலம்பல் தொடங்கியது. இரண்டாம் அடி நெருங்கியபோது, துணிக்குள் அவர் மூச்சை நிறைத்துக்கொண்டு, உதடுகளைத் திறந்து, செவத்தியானின் குரல் பிளப்பதற்காகக் காத்திருந்தார்.

அது பிளக்கவில்லை.