யார் யாரைக் கரையேற்றியது

மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே கொஞ்ச தூரம் போனால், ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பு வரும். அங்கே கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். பொங்கல் லீவு முடிவதற்குள் பிள்ளைகள் ஒரு ராத்திரியாவது கூடாரத்தில் தூங்கவேண்டும் என்று மகள் தமிழ்ச்செல்வி ஒரே பிடிவாதம். அவளும் மாப்பிள்ளை ரமேஷும் திருப்போரூரிலிருந்து வந்தார்கள். அப்பா உலகநாதனையும் அம்மா பூங்கொடியையும் அச்சரப்பாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் நாளே கூட்டி வந்திருந்தார்கள்.

அறுபத்தாறு வயதில் முதல்முறையாகக் கூடாரத்துக்குள் தவழ்ந்து நுழைந்தார் உலகநாதன். துணி வழியாக இறங்கிய பச்சை வெளிச்சம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. வெளியே சவுக்கு மரங்கள் ஓயாமல் இரைந்தன. எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம்போல அது கேட்டுக்கொண்டே இருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரிய பேத்தி மதிவதனி அவர் மடியில் சாய்ந்துகொண்டு வழக்கமான கதையைக் கேட்டாள். அவளுக்குப் பத்து வயது. நூறு தடவை கேட்ட கதை. உலகநாதனும் சொன்னார். அவருக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது அடைமழையில் ஊர் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் பாய்ந்தது. மீன் பிடிக்க வந்த காலனி செல்லம்மாவை அந்தத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. அவர் குதித்தார். அவள் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார்.

நாற்பத்தேழு வருஷமாகச் சொல்லிவருகிற கதை. சொல்லச் சொல்ல, முடியைப் பற்றிய அந்தக் கை அவர் கண்ணுக்கே தெரியும். அது அவருடைய கையாகவே ஆகிவிட்டிருந்தது.

ஏழு வயது எழில் கதையில் பாதியிலேயே எழுந்து மணலில் நண்டு துரத்தப் போய்விட்டாள். சின்னவள் எப்போதும் அப்படித்தான்.

நாலு மணி வாக்கில் தமிழ்ச்செல்வியும் ரமேஷும் கூடாரத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். பூங்கொடி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உலகநாதனை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். உப்புக் காற்று முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்திருக்க, கரையில் விளையாடிய பிள்ளைகள் இரண்டு பேரும் காற்றில் மிதப்பதுபோலத் தெரிந்தார்கள். கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போதுதான் மதிவதனி முழங்கால் ஆழத்துக்குப் போனாள். போகக்கூடாது என்று சொல்லியிருந்தது. ஒரு அலை அவள் காலை வாரிற்று. நுரைக்குள் மஞ்சள் கவுன் ஒரு தரம் சுழன்றது. பிறகு காணவில்லை.

எழில் கத்தவில்லை. ஓடவும் இல்லை. அலை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து, குதிகால் இரண்டையும் மணலில் புதைத்துக்கொண்டு, கைக்கு வந்த பின்னலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அலை திரும்பிப் போகும்போது அக்காளை விடாமல் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

உலகநாதன் எழப் பார்த்தார். கால் வரவில்லை. குரலும் வரவில்லை. இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தமிழ்ச்செல்வி ஓடிவந்தபோது பிள்ளைகள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து நின்றார்கள். மதிவதனி இருமினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தங்கச்சி உள்ளே போய்விட்டதாகவும், தான்தான் முடியைப் பிடித்து இழுத்து வந்ததாகவும் சொன்னாள்.

தமிழ்ச்செல்வி பெரியவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சின்னவள் முதுகில் ஒரு அடி விழுந்தது. தாத்தாவின் ரத்தம் அப்படியே இருக்கிறது என்று ரமேஷ் பெரியவளைத் தூக்கிக்கொண்டான்.  எழில் முதுகைத் தேய்த்துக்கொண்டு தாத்தாவையே பார்த்தாள்.

அந்தப் பார்வை உலகநாதனுக்குத் தெரியும். முன்னே ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

மீன் செதில் ஒட்டிய கையோடு வந்த பூங்கொடி கேட்டாள். “இன்னாங்க, நீங்க இங்கதான குந்திகினு இருந்தீங்க? இன்னா ஆச்சு?”

“கண்ணு அசந்துட்டேன்” என்றார்.

அன்றைக்கு எழில் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் முள் எடுத்துத் தருகிறேன் என்று தாத்தா கூப்பிட்டதற்கும் வரவில்லை. மதிவதனி இரண்டு பங்கு பேசினாள், இரண்டு பங்கு சிரித்தாள். அவள் சொன்ன கதையில் அலையின் உயரம் தடவைக்குத் தடவை ஏறிக்கொண்டே போயிற்று.

விடியும் முன்பே உலகநாதன் எழுந்து வெளியே வந்து உட்கார்ந்தார். பனி இறங்கி மணல் ஈரமாக இருந்தது. கடல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் கூடாரத்தின் ஜிப் திறந்து எழில் வந்தாள். போர்வையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

“நீ தூங்கல தாத்தா. உன் கண்ணு தெறந்து இருந்துச்சு.”

“ஆமா பாப்பா.”

“அப்ப ஏன் சொல்லல?”

அவர் கடல் பக்கம் திரும்பினார். பனிக்குள்ளே அந்த ஏரி தெரிந்தது. தண்ணீரில் போனவர் அவர்தான். சைக்கிளோடு கலங்கலைக் கடக்கலாம் என்று இறங்கி, வழுக்கி விழுந்தவர். மீன் பிடித்துக்கொண்டிருந்த செல்லம்மா ஒரு கையால் பனங்கன்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் தலைமுடியைப் பற்றி இழுத்தாள். ஊர்க்காரர்கள் ஓடிவந்தபோது இரண்டு பேரும் கரையில் நனைந்து கிடந்தார்கள். “நீதான் அவள இழுத்துப் போட்டியா நைனா?” என்று யாரோ கேட்டார்கள். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். ஒரே ஒரு தலையாட்டல். செல்லம்மா அவரைப் பார்த்தாள். புடவையைப் பிழிந்தாள். மீன் கூடையைத் தேடி எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

எழிலிடம் அதை அப்படியே சொன்னார். அவள் நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தாள். பிறகு போர்வையின் ஒரு முனையை அவர் காலில் போட்டாள்.

டீ போட்டு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தபோது முதலில் நேற்றுப் பார்த்ததைச் சொன்னார். தான் தூங்கவில்லை என்றும், இழுத்தது எழில்தான் என்றும் சொன்னார். மதிவதனி தலை குனிந்துகொண்டாள். தமிழ்ச்செல்வி அவளைத் திட்ட வாயெடுத்தாள். உலகநாதன் கையைக் காட்டி நிறுத்தி, ஏரிக் கதையையும் சொல்லி முடித்தார்.

ரமேஷ் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். மதிவதனி விசும்பினாள். தாத்தா மாதிரி இருக்கவேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னதாகச் சொன்னாள். பிறகு நகர்ந்து தங்கச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதில் ஏதோ சொன்னாள். எழில் தன் பிஸ்கட்டில் பாதியை ஒடித்து அவளிடம் கொடுத்தாள். பிள்ளைகளுக்குள் அதோடு முடிந்தது.

பூங்கொடிக்கு அதோடு முடியவில்லை. அவள் எழுந்து கடல்வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

“அந்தக் கதைய கேட்டுத்தான் எங்கப்பா உங்களுக்குப் பொண்ணு குடுத்தாரு” என்றாள். “அந்தம்மா நம்ம கொல்லையில எத்தினி வருஷம் நாத்து நட்டுகினு இருந்தாங்க. நான் மோர் ஊத்துவேன். என் வூட்டுக்காரருதான உன்ன காப்பாத்துனாருன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா பெருமையா சொல்லிக்கீறேன். என்ன அப்புடி பேச வெச்சிட்டீங்களே.”

உலகநாதன் காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். 

திரும்பும் வழியெல்லாம் காரில் யாரும் பாட்டுப் போடவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏரிகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஊர் வந்ததும் ரமேஷ் மாமனார் வீட்டுத் தெருவுக்குத் திரும்பப்போனான். நேரே காலனிக்கு விடச் சொன்னார் உலகநாதன்.

செல்லம்மாவின் மகன் ஜான்சன் பொத்தேரியில் ஒரு காலேஜில் வேலை பார்க்கிறான். புதிதாகக் கட்டிய மாடி வீடு. வாசலில் செல்லம்மா முறம் வைத்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயது, கண்ணில் கண்ணாடி. காரிலிருந்து ஒரு குடும்பமே இறங்குவதைப் பார்த்து எழுந்து நின்றாள்.

“செல்லம்மாக்கா” என்றார் உலகநாதன். இத்தனை வருஷத்தில் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. வெறும் பெயர்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பேத்திகள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள்.

செல்லம்மா கேட்டு முடிக்கும்வரை ஒரு கீரைக் காம்பை உருவிக்கொண்டே இருந்தாள்.

“எங்க வூட்ல தெரியாதுன்னு நெனச்சுகினு இருந்தியா?” என்றாள். “எங்க ஜான்சனுக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து தெரியும். இந்தத் தெருவுல கொழந்தைக்கும் தெரியும். உங்க தெருவுக்குத்தான் தெரியாது.”

“நீ ஒருநாளும் வந்து கேக்கலியே.”

“கேட்டா எவன் நம்பியிருப்பான்? எனுக்கு மறுநாளும் உங்க கொல்லையில வேல இருந்துச்சு.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். “எனுக்குத் தெரிஞ்சத என்கிட்டயே வந்து சொல்ற. உங்க தெருவுல போயி சொல்லு.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் பூங்கொடி முன்னால் வந்து நின்றபோது, நாற்காலி எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள். எழில் அவள் கையைத் தொட்டுப் பார்த்து, தாத்தா கனமாக இருந்தாரா என்று கேட்டாள். அப்போதெல்லாம் ஈர்க்குச்சி மாதிரி இருப்பான், முடிதான் நிறைய என்றாள் செல்லம்மா. அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள்.

மறுநாள் காலை ஊர் முனையில் இருந்த டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் கேட்காமலே உலகநாதன் ஆரம்பித்தார். பாதியில் ஒருவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவர் நிறுத்தி, முதலிலிருந்து மெதுவாகச் சொன்னார். சைக்கிள், வழுக்கல், பனங்கன்று, தலையாட்டல் எல்லாவற்றையும் சொன்னார். ஒருவர் எழுந்து போனார். இன்னொருவர், போனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று முனகினார்.

ரிட்டயர்டு வாத்தியார் நரசிம்மன் மட்டும் பேப்பரை மடித்து வைத்தார். “அந்தம்மாவுக்கு அப்ப இன்னா வயசு?” என்று கேட்டார்.

“இருபத்தஞ்சு இருக்கும்.”

“அந்தம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?”

தெரியாது என்றார் உலகநாதன். நீச்சல் தெரியாமலேதான் அவள் அந்த வெள்ளத்தில் இறங்கினாள் என்பது இப்போது சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைக்காரர் கொண்டுவந்து வைத்த டீ அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.