மூன்று அறையில் ஒரு கூட்டம்

சலவைக் கூடத்து அக்காவிடம் யார் என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ஆகட்டும், பாத்துக்கலாம்." லீவு கேட்டால் ஆகட்டும். வாசலில் தேங்கும் சோப்புத் தண்ணீருக்கு வழி செய்யச் சொன்னால் ஆகட்டும். இருக்கிற ஒரே வண்டியை ஒரே நேரத்துக்கு இரண்டு லாட்ஜ்காரர்கள் கேட்டாலும் இருவருக்கும் ஆகட்டும்தான். முகத்தை முறித்துப் பேசவே தெரியாத தங்கமான மனுஷி என்று தெருவே அவளைக் கொண்டாடியது.

மறுநாள் அவளுடைய தம்பி கிளம்பிப் போவான். "வண்டி கிடையாது", "லீவு கிடையாது" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வருவான். வாயெடுத்தாலே நறுக்கென்று வெட்டிவிடுகிறான் என்று அவனுக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அக்காவுக்கா இப்படியொரு தம்பி என்று அவன் காதுபடவே கரித்துக்கொட்டினார்கள். அந்தப் பட்டப்பெயரைக் கேட்டு அக்காவே ஒருமுறை வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். அவன் சிரிக்கவில்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை.

கூடத்தின் நிலைமை அப்போது சரியில்லை. வழக்கமாகத் துணி போடும் லாட்ஜுகள் ஒவ்வொன்றாகச் சொந்த மெஷின் வாங்கிக்கொண்டன. இன்னும் ஒரு வருஷம் ஓடினால் பெரிது என்றிருந்தபோதுதான் வெளிநாட்டு ஹோட்டல் நிறுவனம் ஒன்று வந்தது. ஊரில் அவர்களுக்கு மூன்று ஹோட்டல். மூன்றின் விரிப்பும் டவலும் உங்களுக்கே, ஆனால் இப்போது துவைப்பதைப் போல இரண்டு மடங்கு துவைக்க வேண்டும் என்றார்கள். அக்கா ஆகட்டும் என்றாள்.

விஷயம் தெருவுக்குப் போனது. கூடத்து ஆழ்துளைக் கிணற்றுப் போர் பகலெல்லாம் ஓடினால் பக்கத்து வீட்டுப் போர்களில் வெறும் காற்றுதான் வரும். தெருவுக்காகப் பேசப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்தார். "இனிமே பகல்ல போர் ஓடாது, ஆகட்டும்" என்று அவரை அனுப்பிவைத்தாள். அப்படியானால் ராத்திரியில் துவைப்பார்களோ என்று கூடத்தில் இஸ்திரி போடும் பெண்கள் பயந்துபோய் வந்தார்கள். "ராத்திரி வேலையே கிடையாது, ஆகட்டும்" என்று அவர்களையும் சிரிக்கவைத்து அனுப்பினாள்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். அக்காவுக்குத் தன் கூழில் ஆசையில்லை, பாவம். எல்லாருக்கும் கூழ் ஊற்ற வேண்டும், ஒருத்தர் மீசையிலும் ஒட்டக் கூடாது என்று நினைத்தாள்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "ஏன்க்கா, பகல்லயும் துவைக்க மாட்டே, ராத்திரியும் துவைக்க மாட்டே. ரெண்டு மடங்கு துணியை எப்பதான் துவைப்பே?"

"பாத்துக்கலாம்டா."

"நான் பாத்துக்க மாட்டேன். இந்தத் தடவை நான் போய் யார்கிட்டயும் இல்லேன்னு சொல்றதா இல்ல. நீ குடுத்த வாக்கு, நீயே பாத்துக்கோ."

அவன் கோபத்தில் எதையாவது சொல்வான், பிறகு போவான் என்றுதான் அக்கா நினைத்தாள். எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

கையெழுத்துக்கு முன்னால் ஹோட்டல் நிறுவனத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வருவதாகத் தகவல் வந்தது. வேறொரு ஊரில் அவர்கள் போட்ட ஒப்பந்தம் தண்ணீர்த் தகராறில் முறிந்து, ஹோட்டல் வாசலிலேயே குடத்தோடு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்களாம். அதனால் இப்போது, இந்தத் தொழிலால் யார் யாருக்கு நல்லது கெட்டது உண்டோ அவர்கள் எல்லாரையும் பார்த்துப் பேசாமல் கையெழுத்துப் போடுவதில்லையாம்.

இங்கேதான் அக்கா தன் மூளையைக் காட்டினாள். கூட்டத்தை ஒரே இடத்தில் கூட்டினால்தானே வம்பு? இஸ்திரிப் பெண்களை மாடியில் வைத்தாள். தெருக்காரர்களைத் துணி கட்டிவைக்கும் கிடங்கில் உட்காரவைத்தாள். அதிகாரிக்கு ஆபீஸ் அறை. ஒவ்வொரு இடமாக அவரைக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு, ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாமல் அனுப்பிவிடலாம் என்பது திட்டம். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்குகூட இப்படி மாடிப்படி ஏறி இறங்கியிருக்காது.

மாடியில் எல்லாம் நன்றாகத்தான் போனது. "வேலை ரெண்டு மடங்கு ஆகுமே, பரவாயில்லையா?" என்று அதிகாரி கேட்டார்.

"வரட்டும்மா. ராத்திரி வேலை கிடையாதுன்னு அக்கா சொல்லிட்டாங்க, அது போதும்" என்றாள் இஸ்திரிப் பெண்களுக்கு மூத்தவள். தையல்காரரின் மனைவி அவள்தான்.

அதிகாரி தலையசைத்துவிட்டுக் கீழே வந்தார். கிடங்கில் தையல்காரர் எழுந்து நின்று, "எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க. பகல்ல போர் ஓட்ட மாட்டேன்னு அக்கா வாக்கு குடுத்துட்டாங்க" என்றார்.

"பகல்ல கிடையாதா?" அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினார். "அப்ப துணியை எப்ப துவைப்பீங்க?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் டம்ளர்கள் மோதும் சத்தம் கேட்டது. தேநீர்த் தட்டோடு தையல்காரரின் மனைவி நின்றிருந்தாள். விருந்தாளிக்குத் தேநீர் கொண்டுபோகச் சொன்னது அக்காதான். திட்டம் போட்ட மூளைக்கு அது மறந்துபோயிருந்தது.

"அப்ப நீ சொன்னது நெசமா?" என்று அவள் புருஷனைக் கேட்டாள்.

"நெசம்னு எத்தனை தடவை சொன்னேன்! என்னைப் பொய்யன்னு சொல்லி நாலு நாளா சோறு போடலியே நீ!"

"பகல்ல போர் ஓடாதுன்னா என்னை ராத்திரிக்கு அனுப்பப் பாக்கறேன்னுதானே அர்த்தம்! அக்கா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நான் நம்பினேன். புள்ளைங்க ரெண்டும் என் பக்கம் ஒண்ணு, உன் பக்கம் ஒண்ணுன்னு நிக்குதுங்க!"

சத்தம் கேட்டு மாடியிலிருந்து பெண்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது என்று பிரித்து வைத்த மூன்று கூட்டமும் ஒரே கிடங்கில் நின்றது. அக்கா பழக்கதோஷத்தில் தம்பியைத் தேடினாள். அவன் கதவோரம் கைகட்டி நின்றிருந்தான். இந்தத் தடவை மாட்டேன் என்று சொன்னவன்தான். ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டுவிட்டு முன்னால் வந்தான்.

"அக்கா மேல தப்பு இல்ல. நான்தான் குழப்பி..."

"தெரியும்யா!" என்று தையல்காரர் பாய்ந்தார். "இது உன் வேலையாத்தான் இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்!"

அத்தனை முகமும் ஒரே நொடியில் அவன் பக்கம் திரும்பியது. எல்லாருக்கும் எவ்வளவு நிம்மதி! திட்டுவதற்குப் பழகிய ஆள் கிடைத்துவிட்டான். அக்கா செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பது மட்டும்தான். இத்தனை வருஷமாக அவள் செய்துவந்ததும் அதுதான். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவன் சொல்லல" என்றாள். "நான்தான் சொன்னேன். மூணு பேருக்கும் மூணு விதமா."

அவள் அதிகாரியைப் பார்த்தாள். "ரெண்டு மடங்கு முடியாதும்மா. எங்க போர்ல அவ்வளவு தண்ணி கிடையாது. எடுத்தா இந்தத் தெரு காஞ்சிரும்." பிறகு தையல்காரரிடம் திரும்பினாள். "பகல் முழுக்க நிறுத்தவும் முடியாதுண்ணே. காலையில நீங்க எல்லாரும் தண்ணி பிடிக்கற வரைக்கும் நிறுத்தறேன். அதுக்கப்புறம் ஓட்டத்தான் செய்வேன்." கடைசியாகப் பெண்களைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "காலையில தாமதமாத் தொடங்கினா சாயங்காலம் பொழுது சாஞ்சுதான் வீட்டுக்குப் போக முடியும். முன்ன மாதிரி விளக்கு வைக்கறதுக்குள்ள முடியாதுடி."

அதிகாரி வெளியே போய்ப் போனில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார்.

"ஒரு ஹோட்டல் துணி தரோம். மத்த ரெண்டுக்கும் வேற இடம் பாத்துக்கறோம்" என்றார். "உங்களுக்கு இது நஷ்டம்தான். ஆனா இதை மூணு வருஷத்துக்கு எழுதலாம். மூணு ஹோட்டலும் தந்திருந்தா ஒரு கோடை தாண்டியிருக்காது."

ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதிக் கையெழுத்தானது. கூடம் பிழைத்துக்கொண்டது. தழைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் மூட வேண்டியதில்லை.

இதற்காக யாரும் அக்காவைத் தூக்கிவைத்துக் கொண்டாடிவிடவில்லை. வழக்கமாக, போயிட்டு வரேன்க்கா என்று பத்துத் தடவை சொல்லும் பெண்கள் பையை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். தையல்காரர் தெரு முழுக்கக் கேட்கும்படி, "அவளும் கத்தரிக்கோல் ஆயிட்டாய்யா" என்று சொல்லிக்கொண்டு நடந்தார். அவர் மனைவி அவர் பக்கத்திலேயே போனாள். இருவரும் சேர்ந்து அவளைத்தான் திட்டிக்கொண்டு போனார்கள்.

அக்கா மடித்த விரிப்புக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். அழுகையாக வந்தது. செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சில் அப்படி ஒரு குத்தல்.

தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இவ்வளவு வலிக்குமாடா?" என்றாள்.

"முதல் தடவை இல்லேன்னு சொல்லிட்டு வந்தப்ப எனக்கும் தூக்கம் வரலக்கா" என்றான் அவன். "அன்னைக்கு நீ நல்லாத் தூங்கிட்டு இருந்தே. எழுப்ப மனசு வரல."