எழுப்பக் கூடாத மெஷின்

கும்மிடிப்பூண்டியில் அந்த இரும்பு உருக்காலைக்கு ஒரு பழக்கம். புது மெஷின் வந்து இறங்கினால் எலுமிச்சம்பழத்தை நசுக்கி அன்றைக்கே ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். ஓட்டாமல் கிடந்தால் அதில் ஏதோ வில்லங்கம் என்றுதான் பேச்சு. கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் சாராளுக்கும் அந்தப் புத்தி ஊறிப்போயிருந்தது.

அதனால்தான் திரையைப் பார்த்ததும் பகீரென்றது. லாரிகளை எடை போடுவது, பெரிய சர்வருக்குள் தனிக் கம்ப்யூட்டர் போலவே ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷின். ஏஜென்சி அனுப்பிய பொன்னேரிக்காரன் வசந்தகுமார் அதை அப்படியே நகலெடுத்து, ஒருதரம்கூட ஓட்டாமல் போட்டுவைத்திருந்தான். கேட்டதற்கு, "அது அச்சு மாதிரிக்கா. அதுல இருந்துதான் மத்ததை எடுக்கணும். இப்போ ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றான், தலையைத் திருப்பாமலே.

ஓட்டாத மெஷினுக்கு இவ்வளவு காவலா? கள்ள எடை போடவா, இல்லை தன் வேலைக்கே உலை வைக்கவா? இந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லாதவள் எதைத்தான் நம்புவாள்! காலையிலேயே மேனேஜர் வீரராகவனிடம் போய் அத்தனையையும் கொட்டிவிட்டாள். அவர் 'உம்' என்று மட்டும் சொன்னார்.

அதோடு விட்டாளா? அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து நகலை ஸ்டார்ட் செய்தாள். அது அசல் மெஷினின் அதே பேரோடும் அதே நெட்வொர்க் நம்பரோடும் எழுந்தது. ஒரே பேருக்கு இரண்டு பேர் பதில் சொன்னால் என்ன ஆகும்? எடை மேடை அப்படியே நின்றுபோனது. வாசல் கேட் வரைக்கும் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன.

வசந்தகுமார் ஓடிவந்து நகலை நிறுத்தினான். எடை மேடை உயிர் பெற்றது. அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பேரு, நம்பர்லாம் தொடைக்கறதுக்குள்ள எழுப்பிட்டீங்களேக்கா. மெஷின் படுத்துக்கினா ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாதி ஜெபத்துல உங்களைக் கூப்புட்றாங்க. இது இருந்தா யாரா இருந்தாலும் புதுசு எடுத்துக்கலாம்னுதான் செஞ்சேன்."

சாராளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே வீரராகவனிடம் போனாள். "சார், ஸ்டார்ட் பண்ணது நான். அந்தப் புள்ள மேல ஒண்ணும் இல்ல."

"லாரி நின்னது சரியாயிடுச்சில்ல, உடும்மா," என்றார் அவர். "நீ காலைல சொன்னவுடனே ஏஜென்சிக்குப் போன் பண்ணிட்டேன். அவன் இன்னியோட நிக்கறான். வேற ஆளு வந்துக்கினு இருக்கான்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் அடுத்த போனை எடுத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது வசந்தகுமார் அவளுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான். "உக்காருங்கக்கா, எப்படித் தொடைக்கறதுன்னு உங்களுக்கும் காட்டிடறேன்" என்றான்.